விற்றவர் சொன்ன வயதும் கத்தி சொல்லும் வயதும்

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான்கள் குவியலாக வந்ததில் ஒரு மடக்குக் கத்தியும் கிடைத்திருக்கிறது. மடக்கினால் 9 சென்டிமீட்டர் நீளம். இரண்டு பிளேடு. கைப்பிடி தேன்பழுப்பு நிறம், மேலே ஒழுங்கில்லாத சின்னச் சின்ன வெட்டுகள். பெரிய பிளேடு கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கிறது, சின்னது மட்டும் பளபளக்கிறது. பெரிய பிளேடின் அடியில் ஒரு முத்திரை: முதல் வரி தேய்ந்துபோய் ‘அண்ட் சன்ஸ்’ மட்டும் மிச்சம், இரண்டாவது வரி ‘கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி’ (மன்னருக்குக் கத்தி செய்பவர்கள்), கடைசி வரி ‘ஷெஃபீல்ட் இங்கிலாந்து’. விற்றவர் “விக்டோரியா மகாராணி காலத்துக் கத்தி, 150 வருஷமாவது ஆகியிருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தாராம். யார் செய்தது, எந்த ஆண்டு என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், விற்றவர் சொன்னதை நம்பலாமா, அதை நாமே எப்படிச் சோதிப்பது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: விக்டோரியா காலத்துக் கத்தி இல்லை. உங்கள் முத்திரையே அதை மறுக்கிறது.

பழைய மடக்குக் கத்திகளைப் பிரித்து, துரு நீக்கி, ஸ்பிரிங் மாற்றி, மறுபடி ஆணி அடித்துக் கொடுக்கும் வேலையை இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கத்தியைக் கையில் எடுத்ததும் இன்ன ஆண்டு என்று அடித்துச் சொல்ல முடிந்தது வெகு சில தடவைதான். பெரும்பாலும் கத்தி நமக்குத் தருவது எல்லைகளை. ஒவ்வொரு அடையாளமும் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்றோ, ‘இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்பு குறைவு’ என்றோ ஒரு வேலி போடும். நான்கைந்து வேலிகளைப் போட்டபிறகு நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அதுதான் கத்தியின் வயது. சில கத்திகளுக்கு அந்த இடம் ஐந்து வருஷம், சிலவற்றுக்கு ஐம்பது வருஷம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கத்தியை இன்னும் சுத்தம் செய்யவில்லை என்றால் தயவுசெய்து அப்படியே வைத்திருங்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் தன் தாத்தாவின் கத்தி என்று கொண்டுவந்து கொடுத்தார். கறுத்துக் கிடந்ததைப் பார்த்து, பளிச்சென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தேன். பிளேடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அரைகுறையாக இருந்த முத்திரையும் அதோடு போய்விட்டது. அவர் திரும்ப வந்து “இதுல ஏதோ பேர் இருந்துச்சே?” என்று விரலால் தடவிப் பார்த்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கத்தி யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உப்புத்தாள், உலோகப் பாலிஷ், வினிகர் எதையும் முத்திரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தேய்ந்த முத்திரையைப் படிப்பதற்கு வெளிச்சம்தான் முதல் கருவி. இருட்டிய அறையில் டார்ச்சைப் பிளேடோடு ஒட்டிப் படுக்கவைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி வையுங்கள். நேரே பார்த்தால் வெறும் கறையாகத் தெரிகிற இடத்தில் எழுத்தின் ஓரம் நிழலாக எழும்பி நிற்கும். டார்ச்சை மெதுவாகச் சுற்றினால் ஒரு பக்கத்தில் ‘ஆர்’ தெரியும், இன்னொரு பக்கத்தில் ‘டி’ தெரியும்; நான்கு பக்கமும் போட்டோ எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். அதிலும் தெரியவில்லை என்றால் முகத்துக்குப் போடும் பவுடரைத் துளி எடுத்து விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்தைக் காட்டும். முத்திரை எங்கே இருக்கும் என்றால், பிளேடு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தீட்டாத அந்தச் சதுரத் துண்டில். பெரிய பிளேடின் முன்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தையும், சின்னப் பிளேடின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பெயர் ஒரு பக்கமும், ஊர் மறுபக்கமும், வடிவ எண் மூன்றாவது இடத்திலும் இருப்பது சகஜம்.

சரி, உங்கள் முத்திரைக்கு வருவோம். ‘ஹிஸ் மெஜஸ்டி’ என்றால் அரியணையில் இருந்தவர் ஆண். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 ஜனவரி வரை. அந்தக் காலத்தில் செய்திருந்தால் ‘ஹெர் மெஜஸ்டி’ என்று இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கத்தி 1837-க்கு முந்தையது, அல்லது 1901-க்குப் பிந்தையது. இரண்டில் எது என்பதைக் கடைசி வரி சொல்கிறது. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்பதைப் பொறிக்க வேண்டும் என்றது. 1891 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது. கத்தித் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. அதுவரை ‘ஷெஃபீல்ட்’ என்று மட்டும் போட்டுவந்த பட்டறைகள் அதற்குப் பின் ‘இங்கிலாந்து’ என்பதையும் சேர்க்கத் தொடங்கின. ஆக, உங்கள் கத்தியின் முன் எல்லை 1901. பின் எல்லை 1952 பிப்ரவரி; ஆறாம் ஜார்ஜ் இறந்து, எலிசபெத் பட்டத்துக்கு வந்தது அப்போதுதான். இந்தப் பின் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை அடிக்கும் அச்சு எஃகில் செதுக்கியது; மன்னர் மாறிய அன்றே அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் 1891-க்குப் பின் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ‘இங்கிலாந்து’ என்று இல்லாவிட்டால் 1891-க்கு முன் என்று சொல்ல முடியாது. அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குள் போகும் சரக்குக்கு மட்டும்தான். உள்நாட்டில் விற்க வைத்திருந்த கத்தியில் அதற்குப் பிறகும் நாட்டின் பெயர் இல்லாமல் இருக்கலாம். முத்திரையில் இருப்பது சாட்சி சொல்லும். இல்லாததை வைத்து வயதைக் கூட்டுவது விற்பவர்களின் வழக்கம்.

யார் செய்தது என்பதில் எனக்கு ஒரு பலமான ஊகம் இருக்கிறது, ஆனால் ஊகம்தான். ‘அண்ட் சன்ஸ்’ என்று முடியும் பெயரும், அரச குடும்பத்துக்குக் கத்தி செய்பவர்கள் என்ற வரியும் சேர்ந்தால், ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் உடனே நினைவுக்கு வரும். 1822-இலேயே அரச அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அது. ஆனால் அரச அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஷெஃபீல்டில் வேறும் இருந்தன. ‘அண்ட் சன்ஸ்’ என்று முடியும் பெயர்களோ ஏராளம். நீங்கள் தேட வேண்டியது ஒரு சின்னம்: ஆறு முனை நட்சத்திரம், பக்கத்தில் மால்டா சிலுவை. அந்தச் சிலுவையின் நான்கு கைகளும் நடுவில் குறுகி, வெளியே விரிந்து, நுனியில் பிளந்திருக்கும். 1682-லிருந்து பதிவில் உள்ள குறி என்று ராட்ஜர்ஸ் பெருமையோடு சொல்லிக்கொண்டது இதைத்தான். பிளேடின் அடியிலேயே பெயருக்கு அருகில் மிகச் சின்னதாக அடித்திருப்பார்கள். அது தெரிந்துவிட்டால் ஊகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். பெயர் கொஞ்சமாவது தெரிந்தால், நடுவில் ‘டி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ராட்ஜர்ஸ் புகழின் உச்சத்தில் இருந்தபோது, ஓரெழுத்தை விட்டும் மாற்றியும் அதே ஓசையில் பெயர் போட்ட மலிவுக் கத்திகள் நிறைய வந்தன. எழுத்துகளின் நடுவே கிரீடமும், அதன் இருபக்கமும் மன்னர் பெயரின் முதலெழுத்தும் ‘ஆர்’ என்ற எழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. ‘இ’ இருந்தால் ஏழாம் எட்வர்டு, அதாவது 1901 முதல் 1910 வரை. வேலி பத்து வருஷத்துக்குச் சுருங்கிவிடும். ‘ஜி’ இருந்தால் அதற்குப் பின்.

அடுத்து அந்தப் பளபளப்பான சின்னப் பிளேடு. இதுதான் எனக்குக் கேள்வியில் ரொம்பப் பிடித்த விவரம். இரண்டு பிளேடும் ஒரே நாளில், ஒரே எஃகில் செய்து, ஒரே சட்டைப்பையில் இருந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். கார்பன் எஃகு வியர்வை, பழச்சாறு, ஈரக்காற்று பட்டுக் கருஞ்சாம்பலாகும். ஒன்று கறுத்து ஒன்று வெளுத்து இருந்தால் மூன்று காரணம் இருக்கலாம். சின்னதை யாரும் திறக்கவே இல்லை, எண்ணெயோடு உள்ளேயே கிடந்தது. அல்லது யாரோ அதை மட்டும் தேய்த்து மினுக்கினார்கள். அல்லது பழைய பிளேடு உடைந்து வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். பயனில்லை. கத்திக்குப் போடும் எவர்சில்வர் எஃகும் காந்தத்தில் ஒட்டும். மாற்றிய பிளேடா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: பிளேடைத் திறந்து, அது சுழலும் ஆணியின் தலை, கைப்பிடி முனையில் இருக்கும் உலோகத் தொப்பியின் மேல் தெரிகிறதா என்று பார்ப்பேன். தொழிற்சாலையில் ஆணியைத் தட்டிப் பரப்பி, மேலே ராவி, தொப்பியோடு ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், கண்ணுக்கே தெரியாது. பின்னால் யாராவது கழற்றி மாட்டியிருந்தால் அந்த இடத்தில் மெல்லிய வட்டக் கோடு தெரியும், அல்லது சுத்தியல் பட்ட சப்பை தெரியும். அப்புறம் நகக்குழியைப் பாருங்கள். பிளேடைத் திறக்க நகம் வைக்கும் அந்தப் பள்ளம் இரண்டிலும் ஒரே பாணியில் வெட்டியிருக்கிறதா? பிளேடு திறந்து நிற்கும்போது முதுகு ஸ்பிரிங்கோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா? மடக்கினால் நுனி கைப்பிடிக்குள் முழுதாக அடங்குகிறதா? அடங்காமல் துருத்தினால் பிளேடு மாறியிருக்கலாம், அல்லது நுனி உடைந்து புதிதாகத் தீட்டியிருக்கலாம்.

சின்னப் பிளேடில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தால் அது இன்னொரு வேலி. குரோமியம் கலந்த, துருப்பிடிக்காத கத்தி எஃகை ஹாரி பிரியர்லி உருக்கியது 1913-இல், அதே ஷெஃபீல்டில். கத்திகளில் அது பரவியது முதல் உலகப் போருக்குப் பிறகு. ஆகவே ‘ஸ்டெயின்லெஸ்’, ஜெர்மன் மொழியில் ‘ராஸ்ட்ஃப்ரை’, பிரெஞ்சில் ‘இனாக்ஸ்’ என்று எது இருந்தாலும் 1913-க்கு முன் போகவே முடியாது. இதிலும் அதே எச்சரிக்கை உண்டு: துருப்பிடிக்கும் கார்பன் எஃகுக் கத்திகளை இன்றுவரை விரும்பிச் செய்கிறார்கள், வாங்குகிறார்கள். ஆதலால் உங்கள் பெரிய பிளேடு கறுத்திருப்பது வயதுக்குச் சான்று ஆகாது. ஈரமான இடத்தில் ஆறு மாதம் கிடந்தால் போன வருஷத்துக் கார்பன் எஃகும் பாட்டன் காலத்துக் கத்தி மாதிரி ஆகிவிடும். நிறத்தைப் பார்த்து வயது சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கைப்பிடி எலும்புதானா என்பதைக் கையில் லென்ஸ் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம். பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எலும்பு என்றால் ஊசியால் குத்தியது போல மிக நுண்ணிய கருப்புப் புள்ளிகளும், சின்னக் கோடுகளும் அங்கங்கே சிதறிக் கிடக்கும். உயிரோடு இருந்தபோது இரத்தம் ஓடிய வழிகள் அவை. பல வருஷத்து அழுக்கு இறங்கிக் கறுத்திருக்கும். பிளாஸ்டிக்கில் இது கிடையாது. வெட்டுகளின் ஓரங்கள் மழுங்கி, இரண்டு பக்கத்துக் கைப்பிடியிலும் வெட்டுகள் ஒன்றுபோல இருக்கும், ஏனென்றால் ஒரே அச்சில் வார்த்தது. எலும்பில் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகப் போட்டது. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கை டூபாண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1960-இல். எலும்பு போலச் சாயமும் வெட்டும் கொடுத்து அதைக் கத்திகளில் போட்டார்கள். உங்களுடையது டெல்ரின் என்று தெரிந்தால் ‘ஹிஸ் மெஜஸ்டி’ கதையை நாம் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பழைய கத்திகள் பலவற்றில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் கைப்பிடிகளைப் பார்க்கலாம். முத்துச்சிப்பி போல, ஆமையோடு போல, கொம்பு போல, எது மாதிரியும் அதில் செய்ய முடியும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது கத்திக்காரர்களின் செல்லப் பொருள். அது சட்டென்று தீப்பிடிக்கும். தீயை விட மோசமான இன்னொரு குணமும் அதற்கு உண்டு, இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். செல்லுலாய்டு வயதாகும்போது சிதையத் தொடங்கி, அமில வாயுவை மெல்ல மெல்ல விடும். கைப்பிடியில் முடியளவு விரிசல்கள் விழும், ஓரம் சுருங்கி ஆணியைச் சுற்றி இடைவெளி விடும், பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பூக்கும், கைப்பிடிக்குள் அடங்கும் பிளேடு பகுதி மட்டும் சொறி பிடித்தது போல அரித்துப் போகும். ஒருமுறை டப்பாவில் பதினொரு கத்திகளை ஒன்றாகப் போட்டு மூடி வைத்திருந்தேன். சில மாதம் கழித்துத் திறந்தபோது கற்பூரமும் புளித்த வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. அதில் சிதைந்த செல்லுலாய்டு கைப்பிடி ஒரே ஒரு கத்திக்குத்தான். துரு பதினொன்றிலும். உங்கள் கைப்பிடியை விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அதைத் தனியாக, காற்றுப்படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியோடு வேறு நாட்டுக் கத்தி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை எழுதிவிடுகிறேன். ஆண்டை அப்படியே சொல்லிவிடும் கத்திகளும் உண்டு. ராணுவக் கத்திகள் அதில் முதல். சுவிட்சர்லாந்தின் 1961 மாடல் சிப்பாய்க் கத்தி, 93 மில்லிமீட்டர் நீளம், வரிவரியாகப் புடைத்த அலுமினியக் கைப்பிடி. பெரிய பிளேடின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். அமெரிக்க ராணுவத்துக்கு கமிலஸ் நிறுவனம் செய்த முழு எவர்சில்வர் மடக்குக் கத்தியில் ஆண்டே அடித்திருக்கும். பிரிட்டிஷ் ராணுவக் கத்திகளில் அகன்ற அம்புக்குறியும், பல நேரம் ஆண்டும் சேர்ந்து இருக்கும். பொதுமக்களுக்கு விற்றவற்றில் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம்தான் நமக்கு அதிகம் உதவுகிறது. 1940-லிருந்து 1964 வரை ‘கேஸ்’ என்பதோடு இரண்டு ‘எக்ஸ்’ மட்டும் போட்டார்கள். 1965 முதல் 1969 வரை அதன் கீழ் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது. 1970-இல் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ ஆக்கி, கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி குறைத்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973. 1980-இல் எழுத்தின் பாணியை மாற்றி, புள்ளியை மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவர்கள் வடிவ எண்ணும் பேசும். 6254 என்று இருந்தால் 6 என்பது வெட்டுப்போட்ட எலும்புக் கைப்பிடி, 2 என்பது பிளேடுகளின் எண்ணிக்கை, 54 என்பது கத்தியின் வடிவம். அதே எண்ணோடு மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜெர்மன் கத்திகளில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். ‘ஜெர்மனி’ என்று மட்டும் இருந்தால் அந்தக் காலத்தது இல்லை என்று தள்ளிவிட முடியாது, பலர் அப்படியே போட்டுவந்தார்கள். ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன்பும் அந்தப் பெயர் முத்திரையில் இருந்தது. ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற நான்கெழுத்து 1891-இல் தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடியும் வரை ஜெர்மனியில் பதிவான வடிவமைப்புகளுக்கானது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று பொருள்படும் முத்திரை இருந்தால் 1947-லிருந்து 1952-க்குள். பிரான்சின் ஓபினெல் கத்தியில் பிளேடைப் பூட்டும் சுழல் வளையம் 1955-இல் வந்தது. ஆனால் மிகச் சின்ன அளவுகளில் இன்றும் வளையம் இல்லை, அதை மறந்துவிட்டு 1955-க்கு முந்தையது என்று சொல்லக்கூடாது. விக்டோரினாக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. நிறுவனர் கார்ல் எல்செனர் 1909-இல் தாயார் இறந்தபின் அவர் பெயரான விக்டோரியாவைக் குறியாக வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதோடு ‘இனாக்ஸ்’ சேர்ந்தது. காப்புரிமை எண் இருந்தால் விடாதீர்கள். அமெரிக்கக் காப்புரிமை 1911-இல் பத்து லட்சத்தையும், 1935-இல் இருபது லட்சத்தையும், 1961-இல் முப்பது லட்சத்தையும் தொட்டது. எண்ணை வைத்து முன் எல்லையைப் போட்டுவிடலாம். காப்புரிமை எந்த ஆண்டு கிடைத்ததோ அந்த ஆண்டிலேயே கத்தியும் செய்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே எண்ணைப் பல வருஷம் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

உண்மையிலேயே விக்டோரியா காலத்தது வேண்டும், ஆண்டும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் வெள்ளிப் பிளேடு போட்ட பழக் கத்திகளைத் தேடலாம். முத்துச்சிப்பிக் கைப்பிடியோடு சின்னதாக, அழகாக இருக்கும். வெள்ளி என்பதால் அதன் தரத்தைச் சோதிக்கும் மதிப்பீட்டு அலுவலகத்தின் முத்திரைகள் பிளேடிலேயே வரிசையாக இருக்கும்: நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்துக்கு, கிரீடம் ஷெஃபீல்டுக்கு, நங்கூரம் பர்மிங்காமுக்கு, ஓர் ஆங்கில எழுத்து ஆண்டுக்கு. அந்த எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும் என்பதால் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டு கிடைத்துவிடும். வரி கட்டியதைக் காட்டும், அரசரின் தலை பொறித்த முத்திரையும் இருந்தால் 1890-க்குப் பிந்தையது இல்லை. எஃகுக் கத்திக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

போலியைப் பற்றியும் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பெயர் இருந்தால் பழைய கத்தி என்று ஆகாது. பெயர்கள் கைமாறும். ஷ்ரேட் என்ற அமெரிக்கப் பெயரில் இன்றும் கத்திகள் விற்கின்றன, ஆனால் அந்தப் பெயரை வைத்திருந்த தொழிற்சாலை 2004-இல் மூடிவிட்டது. ரெமிங்டன் 1920-களில் செய்த தோட்டா வடிவச் சின்னம் பதித்த கத்திகளுக்கு மதிப்பு அதிகம்; 1982-இலிருந்து அதே மாதிரியை மறுபடி வெளியிட்டார்கள், அவை நேர்மையான மறுபதிப்புகள், ஆனால் கை மாறிக் கை மாறி வரும்போது ‘மறுபதிப்பு’ என்ற சொல் மட்டும் வழியில் தொலைந்துவிடுகிறது. ‘லகியோல்’ என்பது பிரெஞ்சு ஊரின் பெயரும் கத்தி வடிவத்தின் பெயரும். அது பிளேடில் இருப்பதால் யார் செய்தது என்று எதுவும் தெரியாது. வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் பெயரில்லாத பழைய பிளேடில் புது முத்திரை அடிப்பார்கள். அதை லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி வரப்பு கட்டியிருக்கும், பள்ளத்தின் அடி சுற்றியுள்ள கறையை விட வெளிச்சமாக இருக்கும். உங்கள் கத்தியில் இந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. புதிதாகப் பொய் முத்திரை அடிப்பவர் முதல் வரியை, அதாவது பணம் தரும் பெயரைத்தான் தெளிவாக அடிப்பார். உங்களுடையதில் அதுதான் தேய்ந்திருக்கிறது.

இதுவரை சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றால்: 1901-க்குப் பின் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1950-களின் தொடக்கத்துக்குள் என்பது மிகவும் சாத்தியம். ராட்ஜர்ஸ் என்பது நட்சத்திரமும் சிலுவையும் தெரியும்வரை ஊகம். நகக்குழியின் நீளம், தொப்பி இரும்பா நிக்கல் வெள்ளியா, உள்தகடு இரும்பா பித்தளையா என்பதை வைத்து இன்னும் குறுக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கையில் வைத்துப் பார்க்கும்போது அவற்றைக் கணக்கில் எடுப்பேன், ஆனால் ஒரே பட்டறையில் ஒரே வருஷத்தில் இரண்டு விதமும் செய்திருக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல மாட்டேன். எழுத்தில் விவரித்த கத்திக்கு இதற்கு மேல் போனால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்க மாட்டேன்.

முடிந்தால் ஐந்து படம் போடுங்கள். பெரிய பிளேடின் அடிப்பகுதி, இரண்டு பக்கமும், பக்கவாட்டு வெளிச்சத்தில். சின்னப் பிளேடின் ஆணி இருக்கும் உலோகத் தொப்பி, நெருக்கத்தில். கைப்பிடியின் ஒரு பகுதி லென்ஸ் வழியாக. அப்புறம், பிளேடுகளைப் பாதி திறந்து நிற்கவைத்து முதுகுப் பக்கத்திலிருந்து ஒன்று. திறக்கும்போது இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். நகமும் போகும், பழைய ஸ்பிரிங்கும் ஒடியும். தையல் மெஷின் எண்ணெயை மூட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், காலையில் தானாக இளகும். வெளியே வழியும் பழுப்பு அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துத் துணியில் துடையுங்கள். முத்திரைக்கு மேலே மட்டும் துணியை அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.